ஃபீல்டு ஒர்க்: ஆறு வருட அனுபவம்

தெரியாத இங்கிலீஷ் வார்த்தையால் யாரும் கெட்டுப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. தெரியாத வார்த்தை வந்தால் நாம் உஷாராகிவிடுவோம். அகராதியைப் புரட்டுவோம், போனில் தேடுவோம், டீச்சரைக் கேட்போம். ஒன்றும் முடியாவிட்டால் சிரித்துச் சமாளிப்போம். ஆளைக் கவிழ்ப்பதெல்லாம் நன்றாகத் தெரிந்த வார்த்தைதான். நாலாம் வகுப்பிலேயே படம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 'ஃபீல்டு' என்றால் வயல். பச்சையாக நாற்று, பக்கத்தில் ஒரு மாடு. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

நான் சந்தேகப்படவில்லை. அதன் விளைவாக, இரண்டு கண்டங்களில் உட்கார்ந்திருந்த இரண்டு பேராசிரியர்கள் முன்னால், ஒரு பரோட்டாக் கடையின் மாடியில், என் மானம் போயிற்று.

அப்போது நான் உளுந்தூர்பேட்டையில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வீடு களமருதூரில். அம்மா அஞ்சலை நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகும். (மரியாதையாகப் 'போவார்' என்று எழுதினால் வேறு யாரையோ சொல்கிறேன் என்று அம்மா நினைத்துக்கொள்ளும்.) அப்பா ஏழுமலை, உளுந்தூர்பேட்டையில் சென்னை–திருச்சி ரோட்டோரம் இருக்கும் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர்.

எங்கள் இங்கிலீஷ் டீச்சர் விமலா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுப் போனில் ஓர் அறிவிப்பைக் காட்டினார். சமூக அறிவியலில் சர்வதேச இரட்டை இளங்கலைப் பட்டம். முதல் இரண்டு வருடம் ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகம். அடுத்த இரண்டு வருடம் கனடாவில் இன்னொரு பல்கலைக்கழகம். முடிக்கும்போது இரண்டும் ஆளுக்கொரு பட்டம் கொடுக்கும். உலகம் முழுவதிலிருந்தும் ஒரு கைப்பிடி பேரைத்தான் எடுப்பார்கள். அதில் வசதியில்லாதவர்களுக்குப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, விமானம் எல்லாம் இலவசம்.

"போட்டுப் பாரு பவித்ரா. கெடைக்கலைன்னா என்ன கொறைஞ்சிடப் போவுது?" என்றார் டீச்சர்.

(குறைந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.)

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அப்பாவுக்கு முதல் சந்தேகம் எண்ணிக்கையில் வந்தது.

"ஒரே படிப்புக்கு எதுக்குமா ரெண்டு டிகிரி?"

"ரெண்டு காலேஜும் குடுக்கும்பா."

அப்பா அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தார். "செரி, ஒண்ணு தொலைஞ்சாலும் ஒண்ணு இருக்கும். இன்னா பாடம்?"

"சோஷியல் சயின்ஸ்."

"மேப்புல கலர் அடிச்சிக்கினு இருப்பியே, அதுவா? அதுக்கா ஏரோபிளேன் வெச்சி இட்டுக்கினு போறாங்க?"

அம்மாவுக்கு வேறு சந்தேகம். "ரெண்டு வருசம் ஒரு நாடு, ரெண்டு வருசம் இன்னொரு நாடா? ஏன், மொத நாட்டுலயே வெச்சிக்க மாட்டாங்களா? நீ இன்னா தப்பு பண்ணுவன்னு தொரத்துறாங்க?"

இதில் பாதி எனக்கே புரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்திருந்தது. பரீட்சை முடிந்ததும் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போவது என்று என் விஷயத்தில் முடிவாகியிருந்தது. எங்கள் தெருவில் என் வயதுப் பெண்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். "இது கெடைச்சா போ பாப்பா, நான் தடுக்கல. இல்லன்னா ஒரு ரெண்டு வருசம் திருப்பூரு. அப்பால பாத்துக்கலாம்" என்றார் அப்பா. அந்த 'அப்பால' எங்கள் தெருவில் யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை. ஆகவே, ஐரோப்பா இல்லாவிட்டால் திருப்பூர். நடுவில் வேறு ஊரே உலக வரைபடத்தில் இல்லை.

விண்ணப்பத்தைப் பள்ளிக் கம்ப்யூட்டரில் விமலா டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பவைத்தார். கட்டுரை கேட்டிருந்தார்கள். டவுன் பஸ்ஸில் யார் எழுந்து யாருக்கு சீட் கொடுக்கிறார்கள், யார் காலி சீட் இருந்தும் நின்றுகொண்டே வருகிறார்கள் என்று எழுதினேன். டீச்சர் அதைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்து, "இதுல ஒரு வார்த்தையும் நான் மாத்தப் போறதில்ல" என்றார். அது வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது.

கடைசிப் பக்கம் நிரப்பும் அன்று டீச்சர் தேர்தல் வேலைக்கான பயிற்சிக்குப் போய்விட்டார். நானே நிரப்பினேன். அதில்தான் அந்தக் கேள்வி இருந்தது: 'ஃபீல்டு ஒர்க் அனுபவம் உண்டா? இடம், காலம், குழு, மொழி, உங்கள் பங்கு.'

எனக்குக் கண்ணீர் வராத குறை. எங்கோ வெளிநாட்டில் இருப்பவர்கள், வயல் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் யோசித்து ஒரு கேள்வி வைத்திருக்கிறார்களே! ஆறாம் வகுப்பிலிருந்து சனி, ஞாயிறு, பரீட்சை லீவு எல்லாம் அம்மாவோடு நடவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எழுதினேன். இடம்: களமருதூர். காலம்: ஆறு வருடம். குழு: பன்னிரண்டு பெண்கள். மொழி: தமிழ். பங்கு: எல்லாவற்றிலும் பங்கேற்பு. இரண்டாவது இடம்: கல்வராயன் மலை அடிவாரம், கோடை விடுமுறைகளில். (அங்கே என் சித்தி வீடு. லீவுக்குப் போனால் மரவள்ளிக் கிழங்கு பிடுங்க இழுத்துக்கொண்டு போய்விடுவாள்.) இத்தனை எழுத்துக்கு மேல் தட்ட முடியாத சின்னக் கட்டம் அது. பயிரின் பெயரை எழுத இடமில்லை. இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சமூக அறிவியலில் ஃபீல்டு ஒர்க் என்றால் களப்பணி, அதாவது மக்கள் நடுவில் போய்த் தங்கி, பேசி, கவனித்து ஆராய்ச்சி செய்வது என்று எனக்குத் தெரிய இன்னும் சில வாரங்கள் இருந்தன.

இன்டர்வியூவுக்குத் தேர்வாகியிருப்பதாக மெயில் வந்தது. வீடியோவில் பேசவேண்டும். ஐரோப்பாவுக்கு மத்தியானம், கனடாவுக்குக் காலை, எங்களுக்கு சாயங்காலம் ஆறரை. விமலா டீச்சர் தன் லேப்டாப்பைக் கொடுத்தார். எங்கள் வீட்டில் போன் பேசவே வேப்பமரத்தடிக்குப் போகவேண்டும். அப்பாவின் ஓட்டல் முதலாளி நடேசன், "மாஸ்டர் பொண்ணு வெளிநாட்டுக்காரன்கிட்ட பேசப் போவுதுன்னா நம்ம கடைக்கில்ல பெருமை" என்று மாடியில் இருந்த ஏசி ஃபேமிலி ரூமைத் திறந்துவிட்டார். அங்கே வைஃபை நன்றாக வரும்.

அந்த அறையைப் பற்றி இரண்டு விஷயங்கள் சொல்லவேண்டும். ஒன்று, அதன் ஒரு சுவர் முழுக்க பனி மூடிய மலையும், ஊசி ஊசியாக மரங்களும், நடுவில் ஏரியும் உள்ள பெரிய படம் ஒட்டியிருந்தது. இன்னொன்று, அதற்கு நேர் கீழேதான் அப்பாவின் பரோட்டாக் கல்.

சாயங்காலம் ஆறரை என்பது கொத்து பரோட்டா சூடு பிடிக்கிற நேரம். அப்பாவும் முதலாளியும் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அரை மணி நேரம் கொத்து கிடையாது. சத்தமில்லாத சாதா பரோட்டா, வீச்சு பரோட்டா மட்டும். கேட்கிறவர்களிடம் "கொத்து இன்னும் ஆவலைங்க" என்று சொல்லிவிடுவது.

நான் பள்ளிக்கூடச் சீருடையில், பனிமலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அம்மா கல்யாணங்களுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு, கேமராவில் விழாமல், எனக்கு எதிரே அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளின் மேல் ஏறி உட்கார்ந்தது. "நான் மூச்சு வுடமாட்டன். நீ பேசு."

திரையில் இரண்டு முகங்கள் வந்தன. ஐரோப்பாவிலிருந்து ஒரு வெள்ளைத் தாடிக்காரர். கனடாவிலிருந்து கண்ணாடி போட்ட ஓர் அம்மா, கையில் காபிக் கோப்பையோடு. இருவரும் அத்தனை அன்பாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தாடிக்காரர் முதலில் என் பின்னால் இருந்ததைப் பார்த்தார். "அடடே, அதுதான் கல்வராயன் மலையா?"

இல்லை சார், இது சுவரில் ஒட்டிய படம் சார் என்று இங்கிலீஷில் சொல்ல எனக்கு எல்லா வார்த்தைகளும் தெரியும். ஆனால் முதல் கேள்விக்கே 'நோ' சொல்லக்கூடாது என்று யாரோ யூடியூபில் சொல்லியிருந்தார்கள். "யெஸ் சார்" என்றேன்.

"அங்கே ஸ்னோ விழுமா?"

ஸ்னோ என்றால் பனி. "டிசம்பரில் நிறைய சார். காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வரமுடியாது" என்றேன். (மார்கழிப் பனியைச் சொன்னேன். அதில் பொய் இல்லை.) தாடிக்காரர் தென்னிந்தியாவைப் பற்றித் தனக்கு இத்தனை நாள் தெரிந்ததெல்லாம் தவறோ என்ற முகத்தோடு எதையோ குறித்துக்கொண்டார்.

பிறகு கண்ணாடி அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "பவித்ரா, உன் விண்ணப்பத்தில் எங்களை அசத்தியது எது தெரியுமா? பதினேழு வயதில் ஆறு வருட ஃபீல்டு ஒர்க்! நாங்கள் இப்படிப் பார்த்ததே இல்லை."

எனக்கு வெட்கமாகிவிட்டது. "எங்க ஊர்ல எல்லாரும் செய்வாங்க மேடம்."

"எல்லோருமா?"

"யெஸ் மேடம். என் ஃப்ரெண்ட்ஸ் சில பேர் எட்டு வருடம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் பாடத்திட்டத்தின் மீது அவர்களுக்கு அந்த நிமிடம் உண்டான மரியாதையை நான் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு.

"ஃபீல்டுக்குள் உனக்கு எப்படி அனுமதி கிடைத்தது? அங்கே உன்னை உள்ளே சேர்த்துவிட்ட கேட்கீப்பர் யார்?"

கேட்கீப்பர் என்றால் விழுப்புரம் ரயில்வே லைனில் கேட் மூடுகிறவரைத்தான் எனக்குத் தெரியும். "எங்க ஃபீல்டுக்கு கேட் கிடையாது மேடம். முள்வேலிதான். அதுவும் ஒரு பக்கம்தான்."

"அருமை!" என்றார் தாடிக்காரர். எதற்கு என்று தெரியவில்லை. "அந்தப் பெண்களுக்கு நடுவில் உன் பொசிஷன் என்ன? அதை எப்படிப் புரிந்துகொள்கிறாய்?"

இது சுலபமான கேள்வி. "இடது பக்கத்திலிருந்து மூன்றாவது, சார். அம்மாவுக்குப் பக்கத்தில்."

அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு என் பதில் எதுவும் புரியவில்லை, எனக்கு அவர் கேள்வி எதுவும் புரியவில்லை. புரியாததை ஆழம் என்று எடுத்துக்கொள்ளும் நல்ல குணம் இரண்டு பக்கமும் இருந்ததால் இன்டர்வியூ அமோகமாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் கீழே ஒரு டூரிஸ்ட் வேன் வந்து நின்றது. கதவுகள் சாத்தும் சத்தம், "மாஸ்டர், எட்டு கொத்து!" என்ற குரல் எல்லாம் மாடிக்கே கேட்டது. அப்பா சமாளிக்கப் பார்த்திருக்கிறார். வந்தவர்கள் விடவில்லை. கொத்தாமலே கொத்து பரோட்டா போடுவது என்று அப்பா முடிவு செய்து, பரோட்டாவைக் கையால் பிய்த்துப் பிய்த்துக் கல்லில் போட்டிருக்கிறார். "இன்னா மாஸ்டர், காக்காய்க்குப் பிச்சிப் போட்ட மாரி இருக்குது?" என்று ஒரு குரல் கத்தியது கேட்டது. அதன்பிறகு அப்பாவின் தொழில் மானம் பொறுக்கவில்லை.

டக்கடக்க டக்கடக்க டக்கர டக்கர டக்!

மேசை அதிர்ந்தது. லேப்டாப்பில் என் முகம் அதிர்ந்தது. கண்ணாடி அம்மா காபியைக் கீழே வைத்தார். "அது என்ன? ஏதாவது சடங்கா?"

"இல்ல மேடம். அது எங்க அப்பா."

"உன் அப்பா இசைக்கலைஞரா?"

"பரோட்டா மாஸ்டர் மேடம்" என்று கத்தினேன். அவர் 'மாஸ்டர்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு மரியாதையாகத் தலைகுனிந்தார்.

அந்தச் சத்தத்தோடுதான் மீதி இன்டர்வியூ நடந்தது. ஒவ்வொரு கேள்வியிலும் பாதிதான் எனக்குக் கேட்டது; என் பதிலிலும் பாதிதான் அவர்களுக்குப் போயிருக்கும். 'இன்ஃபார்மன்ட்', அதாவது தகவல் சொன்னவர்கள், எத்தனை பேர் என்று கேட்டார்கள். என் காதில் விழுந்தது 'இன்ஃபார்மர்'. பயந்துவிட்டேன். எங்கள் தெருவில் யாருக்கும் போலீஸோடு எந்தத் தொடர்பும் இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். ஃபீல்டில் ஏதாவது தர்மசங்கடம் வந்ததுண்டா என்றார்கள். ஒருமுறை மல்லாட்டை பிடுங்கும்போது (வேர்க்கடலை என்றால் எங்கள் ஊரில் கடையில் பாக்கெட்டில் விற்பது) பாவாடை மடியில் ரெண்டு கை அள்ளிக்கொண்டு வந்ததைச் சொன்னேன். 'டிட் யூ கோ நேட்டிவ்?' என்று தாடிக்காரர் கேட்டார். ஆராய்ச்சிக்குப் போனவர்கள் அந்த மக்களில் ஒருவராகவே மாறிப்போவதை அப்படிச் சொல்வார்களாம். எனக்கு நேட்டிவ் என்றால் தாலுகா ஆபீஸ்தான். "நேட்டிவிட்டி சர்டிபிகேட் ரெடியா இருக்கு சார், இப்பவே அப்லோடு பண்ணட்டுமா?" என்றேன்.

கடைசியாகக் கண்ணாடி அம்மா கேட்டார். "சரி, ஆறு வருடத்தில் ஃபீல்டில் நீ கண்டுபிடித்தது என்ன?"

"ஒரு கொலுசு மேடம். வெள்ளி."

"கொலுசா?"

"சேத்துல கெடந்தது. எங்க குழுவுல இருந்த ராணியக்காவோடது. அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டீர்களா? கண்டடைந்ததை அந்த மக்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்" என்று தாடிக்காரரிடம் சொன்னார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தபோது எனக்கே தெரிந்துவிட்டது. இடம் கிடைத்தாகிவிட்டது. நான் ஏற்கெனவே மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தேன்.

இதற்கிடையில் அம்மாவுக்கு நாற்காலி அடுக்கின் மேல் இருப்புக் கொள்ளவில்லை. நடுநடுவே கையைக் காட்டி, வாயை மட்டும் அசைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் மைக்கைப் பொத்திக்கொண்டு "இன்னாம்மா?" என்றேன்.

"வாய்க்கு வாய் பீல்டு பீல்டுன்றாங்களே, அப்படின்னா இன்னாடி?"

"வயலும்மா."

அம்மா முகம் மாறியது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"உன் குழுவில் இருந்த யாரையாவது நாங்கள் ஒருநாள் சந்திக்க முடியுமா?" என்று தாடிக்காரர் கேட்டார்.

"எங்க அம்மா இங்கயே இருக்காங்க சார்."

"உன் அம்மாவே குழுவில் இருந்தாரா!" இருவரும் கைதட்டாத குறை. "கூப்பிடு, கூப்பிடு. நீ ஃபீல்டில் எப்படி என்று அவரிடமே கேட்கவேண்டும்."

அம்மா இறங்கி வந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, லேப்டாப்புக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, திரையைப் பார்த்துக் கும்பிட்டது. நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். "நான் வயலில் எப்படி வேலை செய்வேன்னு கேக்குறாங்கம்மா."

அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தது. பிறகு திரையைப் பார்த்து, கும்பிட்ட கையை எடுக்காமலே பேச ஆரம்பித்தது.

"ஐயா, அம்மா, ஒங்களுக்குப் புண்ணியமா போவும். இந்தப் பொண்ணுக்கு வயல் வேல வராதுங்க. இது நட்டா வரிச கோணிக்கினு போவும். மேஸ்திரி இதுக்கு அரக்கூலிதான் குடுப்பாரு. ஒரு மணி நேரம் குனிஞ்சா முதுகப் புடிச்சிக்கினு வரப்புல குந்திடும். இது படிக்கத்தான் லாயக்கு. படிக்க வெக்கிறன்னு இட்டுக்கினு போயி அங்க சேத்துல எறக்கிடாதீங்க. வயல்ல எறக்கத்தான்னா எங்களுக்கு வாணாங்க. அது இங்கயே இருக்குது."

கீழே கொத்துச் சத்தம் அந்த நேரம் பார்த்து நின்றது.

"அம்மா என்ன சொல்கிறார்?" என்றார் கண்ணாடி அம்மா, கண்களில் எதிர்பார்ப்போடு.

மாற்றிச் சொல்லியிருக்கலாம். 'என் மகள் ரொம்ப நல்லவள்' என்று நாலு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அம்மா கையைக் கூப்பிக்கொண்டு பக்கத்தில் நிற்கும்போது எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. வரிக்கு வரி மொழிபெயர்த்தேன். அவள் நட்டால் வரிசை கோணலாகப் போகும். அவளுக்கு அரைக்கூலிதான். தயவுசெய்து அவளை ஃபீல்டில் இறக்கிவிடாதீர்கள்.

தாடிக்காரர் மெதுவாகக் கேட்டார். "நட்டால் என்றால்... எதை?"

"நெல் நாற்று சார்."

"ஃபீல்டு என்றால்..."

"வயல் சார்." எனக்கு இன்னும் விளங்கவில்லை. "கல்வராயன் மலைப்பக்கம் மரவள்ளி."

அதன்பிறகு கண்ணாடி அம்மா ரொம்பப் பொறுமையாக, அடிபட்ட பிள்ளையிடம் பேசுவது போல, அவர்கள் கேட்ட ஃபீல்டு ஒர்க் என்றால் என்ன என்று விளக்கினார். அவர் சொல்லச் சொல்ல, நான் சொன்ன ஒவ்வொரு பதிலும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து என் முன்னால் நின்றது. முள்வேலி. இடதுபக்கத்திலிருந்து மூன்றாவது. மல்லாட்டை. கொலுசு. காது இரண்டும் பரோட்டாக் கல் மாதிரி கொதித்தது. ஏதாவது சொல்லவேண்டுமே என்று தேடினேன். ரயில்வே ஸ்டேஷனில் வண்டி தாமதமாகும்போதெல்லாம் சொல்கிற இங்கிலீஷ் வாக்கியம் ஒன்றுதான் முழுசாக வாயில் வந்தது.

"தி இன்கன்வீனியன்ஸ் காஸ்டு இஸ் டீப்லி ரெக்ரெட்டட்" என்றேன்.

தாடிக்காரர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கண்ணாடி அம்மா கட்டுப்படுத்திப் பார்த்து முடியாமல் கேமராவை அணைத்துவிட்டார். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. "உன் அம்மாவிடம் சொல், நாங்கள் உன்னை நிச்சயமாக வயலில் இறக்கமாட்டோம்" என்றார். சொன்னேன். அம்மா நிம்மதியாக, "அப்ப செரிங்க" என்று இன்னொரு கும்பிடு போட்டது. பிறகு பஸ் கட்டுரையைப் பற்றி ஒன்றிரண்டு கேட்டார்கள். என்ன பதில் சொன்னேன் என்று இன்று வரை எனக்கு ஞாபகமில்லை. திரை இருட்டானது.

நான் மேசையில் கவிழ்ந்து அழுதேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லா சிரிச்ச மொகமாத்தான போனாங்க? ஏண்டி அழுவுற?"

அப்பா தோளில் துண்டோடு, கையில் ஒரு தட்டு கொத்து பரோட்டாவோடு படியேறி வந்தார். அவர் அழுகையைப் பார்க்கவே இல்லை. முகமெல்லாம் பல்.

"கல்லாண்ட நின்னுக்கினே கேட்டன் பாப்பா. நடுவுல நடுவுல மாடிப்படியாண்ட வந்தும் நின்னன். அரை மணி நேரம் நிறுத்தாம இங்கிலீசு! வெள்ளக்காரன் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு சொல்ற! வேன்ல வந்தவங்களாண்ட, அது எம் பொண்ணுதான்னு சொன்னன். அந்தாளு கொத்து சரியில்லன்னு சண்ட போட்டவரு, எழுந்து வந்து கை குடுத்துட்டுப் போறாருமா."

நான் பேசியதில் ஒரு சொல்கூட அப்பாவுக்குப் புரிந்திருக்காது. அதை என் வாழ்நாளின் பெரிய அதிர்ஷ்டங்களில் ஒன்றாகவே கருதுகிறேன்.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. வெயிட்லிஸ்ட். அதாவது இடம் இல்லை, யாராவது வேண்டாமென்று விலகினால் பார்க்கலாம். அப்பா முகத்தில் அப்படி ஒரு தெளிவு. அந்தப் பட்டப்படிப்பு சம்பந்தமாக அவருக்குப் புரிந்த முதல் வார்த்தை, ரயில் டிக்கெட் புண்ணியத்தில், அதுதான்.

"வெயிட்டிங் லிஸ்டா? கவலையே வாணாம். மொத ஆர்ஏசி ஆவும், அப்பால கன்ஃபார்ம் ஆயிடும். சார்ட்டு எப்ப போடுவாங்கன்னு மட்டும் கேட்டு வையி."

சார்ட் போட்டார்கள். எனக்கு சீட் இல்லை. அந்த வருடம் யாரும் டிக்கெட்டை ரத்து செய்யவில்லை போலிருக்கிறது.

அந்த மெயில் வந்த அன்று சாயங்காலம் நான் திருப்பூருக்குத் துணிமணியை எடுத்து வைக்க ஆரம்பித்தேன். அப்பா வேலை முடிந்து வந்து பையைப் பார்த்தார்.

"எங்க கெளம்புற?"

"நீதான சொன்ன. இது இல்லன்னா திருப்பூருன்னு."

"அது நீ பேசறதுக்கு முன்னால சொன்னது" என்றார் அப்பா. பையைப் பிடுங்கிப் பரண் மேல் போட்டார். "அவ்ளோ இங்கிலீசு பேசுற பொண்ண பனியனுக்கு நூலு வெட்ட அனுப்பிட்டு நான் எந்த மொகத்த வெச்சிக்கினு கல்லாண்ட நிப்பன்? நாளைக்குக் கள்ளக்குறிச்சிக்குப் போலாம். காலேஜுல பாரம் குடுக்குறாங்களாம், மொதலாளி சொன்னாரு."

நான் வாயைத் திறந்தேன். அந்த இங்கிலீஷில் நான் என்ன சொன்னேன் என்று அப்பாவிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அத்தனை புத்திசாலித்தனமாக நான் வேறு எப்போதும் வாயை மூடியதில்லை.

கள்ளக்குறிச்சியில் இளங்கலை, பிறகு பாண்டிச்சேரியில் முதுகலை. இரண்டும் சமூகவியல். ஒன்றுக்கு ஒரு டிகிரிதான் கொடுத்தார்கள். இப்போது ஓர் ஆய்வு நிறுவனத்துக்காகக் கல்வராயன் மலையில் கிராமம் கிராமமாகப் போய், மலையிலிருந்து வெளியூர் வேலைக்குப் போகிற குடும்பங்களைப் பற்றித் தகவல் சேகரிக்கிறேன். மலைமேல் கரியாலூரில் ஒரு வாடகை அறை. அந்தச் சுவர்ப் படத்தில் இருந்த ஏரியும் பனிமலையும் கிடையாது. டிசம்பரில் ஸ்வெட்டர் மட்டும் உண்மையாகவே தேவைப்படுகிறது.

கல்லூரியில் முதல் வருடம் படித்தபோது, ஒரு நாள் சும்மா அந்த இரட்டைப் பட்டத்தின் புதிய விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன். மறுபடி போடும் எண்ணமெல்லாம் இல்லை. காயத்தைச் சொறிந்து பார்க்கிற ஆசைதான். முன்பு கடைசியாக இருந்த பக்கத்தில் அதே கேள்வி இருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்தில் புதிதாக ஓர் அடைப்புக்குறி முளைத்திருந்தது: 'ஆராய்ச்சி தொடர்பானது மட்டும். விவசாய வேலையைக் குறிப்பிட விரும்பினால் அதற்கு அடுத்த பக்கத்தில் தனிக் கட்டம் உள்ளது.'

அடுத்த பக்கத்துக்குப் போனேன். தனிக் கட்டம் இருந்தது. பெரிய கட்டம். பயிரின் பெயர் எழுதத் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள்.

அதைப் போனில் படம் எடுத்துக் கொண்டுபோய் வீட்டில் காட்டினேன். அப்போதுதான் முழுக் கதையையும் முதல்முறையாகச் சொன்னேன், கொலுசு வரைக்கும். கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்த அப்பா இருமி, புரையேறி, அம்மா முதுகில் தட்டவேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஓட்டலுக்கு வருகிற தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் கதை உண்டு. பரோட்டாவைப் புரட்டிக்கொண்டே சொல்லி முடிப்பார்.

அம்மா சொல்லும் விதம் வேறு. நான் சனிக்கிழமை மலையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும்போது யாராவது வந்திருந்தால் போதும். "எம் பொண்ண அவங்க எடுக்கலன்னா போவுது. பாரின்காரனுக்கு வயல்னா இன்னான்னு சொல்லிக் குடுத்து, அவன் பாரத்த திருத்த வெச்சது யாரு? நானு" என்று ஆரம்பிக்கும்.

"நீ அரக்கூலின்னு மானத்த வாங்காம இருந்திருந்தா அது அன்னைக்கே பிளேன் ஏறியிருக்கும்" என்பார் அப்பா உள்ளேயிருந்து.

"நீ அந்தக் கொத்த நிறுத்தலன்னா நான் சொன்னது அவங்க காதுலயே வுழுந்திருக்காது. அதுக்கு இன்னா சொல்ற?"

இருவரும் இப்படிப் பங்கு பிரித்து முடித்ததும், வந்தவர்கள் என் பக்கம் திரும்பிக் கேட்பார்கள். "பாப்பா, இப்பவாச்சும் ஒழுங்கா நடுவியா?"